கை நனைக்காமல் ஒரு கடற்கரை

கடற்கரையிலிருந்து திரும்பிய அன்றைக்கு அந்த ஷேர் ஆட்டோவில் இருந்தவர்கள்: அம்மா, அக்கா பிரமிளா, அக்கா வீட்டுக்காரர் ஜேசுராஜ் மச்சான், நான், மடியில் கருவாட்டுக் கூடையோடு ஒரு வயதான அம்மா, ஆட்டோ ஓட்டிய அண்ணன். ஆறே பேர்தான். இதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். நாளைக்கு யாராவது வேறு மாதிரிச் சொன்னால் கேட்டுக்கொள்ள இத்தனை பேர் இருக்கிறார்கள்.

மற்றபடி இது ஒரு கோடை விடுமுறைப் பயணம்தான். காரைக்குடியை ஒட்டிய மானகிரியில் இருக்கிற எனக்குக் கடல் ஒரு வெளிநாடு. தூரம் ஒன்றும் பெரிதில்லை, காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். ஆனால் போனதில்லை. லீவு விட்டால் நாங்கள் போவது குன்றக்குடிச் சந்து முனையில் இருக்கிற சித்தப்பா வீடு, இல்லாவிட்டால் கோயில் திருவிழா. கடலுக்கு என்று பை எடுத்து வைத்தது இதுதான் முதல் தடவை.

எனக்கு ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பட்டறையில் மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறேன். கிளம்பி தேவகோட்டை தாண்டும் முன்பே, பட்டறை மெயின் சுவிட்சை அணைத்தேனா என்று சந்தேகம் வந்துவிட்டது. பக்கத்துக் கடைக்காரருக்குப் போன் போட்டுப் பார்க்கச் சொன்னேன். அணைத்துத்தான் இருந்தது. உடனே வீட்டில் கேஸை மூடினோமா என்று வந்தது. அக்கா என் போனை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

பெண் பார்க்கப் போகிறோம் என்று தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. முன்பு சொல்லிக்கொண்டு போய்ப் பார்த்த இரண்டு இடத்திலும் நான் “யோசிச்சுச் சொல்றேன்” என்று வந்துவிட்டேன். நான் யோசித்து முடிப்பதற்குள் ஒரு பெண்ணுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. இன்னொரு வீட்டில் அதற்கப்புறம் எங்கள் போனை எடுக்கவில்லை. அதனால் மச்சான் இந்தத் தடவை வேறு வழி கண்டுபிடித்தார். எங்கள் பக்கத்துக் கண்டரமாணிக்கத்திலிருந்து போய், தொண்டிக்குத் தெற்கே ஒரு கடலோரச் சிற்றூரில் மெஸ் நடத்துகிற சூசை என்பவர் அவருக்குப் பழக்கம். அவர் மகள் ஜெசிந்தா பி.காம். முடித்துவிட்டு அப்பாவோடு மெஸ்ஸைப் பார்த்துக்கொள்கிறாள். நாங்கள் அந்த ஊருக்குச் சும்மா லீவுக்கு வந்தவர்கள் மாதிரி இருப்பது, அவர்களும் அப்படியே எடுத்துக்கொள்வது, பிடித்திருந்தால் பேசுவது, இல்லாவிட்டால் கடல் பார்த்த கணக்கில் திரும்பிவிடுவது. இரண்டு வீட்டாரும் இதற்குச் சம்மதித்திருந்தார்கள்.

அம்மாவுக்கு ஒரே ஒரு கவலைதான். எங்கள் பக்கம் சம்பந்தம் பேசப் போன வீட்டில் வார்த்தை முடிகிறவரை கை நனைக்கக் கூடாது. அதாவது அந்த வீட்டில் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டு எழுந்துவிட்டால் பெண்ணை எடுக்கிறோம் என்று அர்த்தம், அதற்குப் பிறகு பின்வாங்கினால் அந்த வீட்டை அவமானப்படுத்தியதாகிவிடும். அம்மா மானகிரியிலிருந்து ஒரு கேன் தண்ணீரே தூக்கிக்கொண்டு வந்தார். அந்தக் கேன் பஸ்ஸில் கசிந்து, முன் சீட்டில் இருந்தவரின் வேட்டி நனைந்து, அதற்கு நான் தொண்டி வரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தேன்.

தொண்டியிலிருந்து ஷேர் ஆட்டோ. ஊருக்குள் நுழைகிற இடத்தில் மணலில் புதைந்துவிட்டது. நானும் மச்சானும் இறங்கித் தள்ளினோம். சூசையின் மெஸ்ஸுக்கு நேர் எதிரில்தான் வண்டி நின்றது. ஆக, நான் ஜெசிந்தாவை முதல்முதலாகப் பார்த்தபோது முழங்கால் வரை மணலோடு ஆட்டோவின் பின்பக்கத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு பழைய பலகையைக் கொண்டுவந்து சக்கரத்தடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எங்களுக்குத் தங்க ஒரு வீடு கிடைத்தது. சாப்பாட்டுக்குத்தான் சிக்கல். அந்த ஊரில் சாப்பாடு கிடைக்கிற இடம் சூசையின் மெஸ் ஒன்றுதான். அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். மச்சான்தான் தீர்ப்புச் சொன்னார்.

“காசு குடுத்துச் சாப்பிட்டா அது ஓட்டலு. காசு குடுக்காமச் சாப்பிட்டாத்தான் சம்பந்தம். இதுல என்னத்தே கொழப்பம்?”

அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். ஆனால் கணக்கில் ஒரு பைசா குறையக் கூடாது என்று என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார். அன்றிலிருந்து காசு கொடுப்பது என் வேலையானது.

முதல் நாள் மத்தியானம் நண்டுக் குழம்பு. எங்கள் ஊரிலும் நண்டு வரும், ஐஸில் கிடந்து வந்து, மிளகும் சோம்பும் போட்டு அரைத்தால் மசாலாவைத்தான் சாப்பிடுவோம். இங்கே மசாலா சும்மா பேருக்கு. நண்டே இனித்தது. சூசை ஐயா கேட்காமலே என் இலையில் இன்னொரு நண்டு வைத்தார். அம்மா உடனே, “அந்த ரெண்டாவது நண்டுக்கும் சேத்துப் போட்டுக்கங்க” என்றார். சூசை ஐயா, “போட்டுக்கிறேம்மா” என்றார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. நான் கல்லாவில் காசை வைத்தபோது இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாங்கினால் எங்களுக்கு விடுதலை என்று அவருக்கும் தெரியும். ஒவ்வொரு வேளையும் நான் அந்தக் கல்லாவில் வைத்தது, இன்னும் முடிவு சொல்லவில்லை என்கிற பதிலைத்தான். அடுப்படி வாசலில் நின்று ஜெசிந்தா அதைப் பார்ப்பாள்.

கடலைப் பற்றிச் சொல்லாவிட்டால் பயணம் என்று சொல்ல முடியாது. அந்தக் கடலில் அலையே இல்லை. மழைக்குப் பிறகு நிறைந்து கிடக்கிற எங்கள் ஊர் ஊருணி மாதிரி, கரை மட்டும் தெரியாமல் கிடந்தது. இடுப்பளவு தண்ணீருக்கே ரொம்ப தூரம் நடக்கவேண்டியிருந்தது. அது மீன்பிடித் தடைக்காலம். பெரிய விசைப்படகுகள் எல்லாம் வரிசையாக நின்றன, சின்ன வள்ளங்கள் மட்டும் போய்வந்தன. ஒரு படகின் நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்த இரண்டு பேர், தடை முடிந்ததும் யார் முதலில் போவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர், “நீ முடிவெடுக்குறதுக்குள்ள மீனு பேரன் பேத்தி எடுத்துரும்யா” என்றார். எனக்குச் சொன்ன மாதிரி இருந்தது. எழுந்து வேறு பக்கம் போய்விட்டேன்.

எனக்கு ஏன் முடிவெடுக்க வரவில்லை என்று கேட்டால், பெண்ணைப் பிடிக்காமல் இல்லை. பலகையைக் கொண்டுவந்து போட்ட அந்த நிமிஷமே பிடித்துவிட்டது. பிடித்தபிறகுதான் பயம் ஆரம்பித்தது. கடல் காற்றில் வளர்ந்தவள், மே மாதத்து மானகிரியில் மத்தியானம் எப்படி இருப்பாள். பட்டறையில் நான் பேங்க் பாரம் நிரப்பத் தெரியாமல் பக்கத்துக் கடைப் பையனிடம் கொடுத்து எழுதி வாங்குவதைப் பார்த்தால் என்ன நினைப்பாள். இன்னொன்றும் இருக்கிறது. காயில் கட்டும்போது ஒரு சுற்றுக் கூடியது குறைந்தது என்றால் அவிழ்த்துக் கட்டிவிடலாம். வார்னிஷ் ஊற்றிக் காயவைத்த பிறகு அவிழ்க்க முடியாது, வெட்டித்தான் எடுக்கவேண்டும். நான் எப்போதுமே வார்னிஷ் ஊற்றும் முன்பு இன்னொரு தடவை எண்ணிப் பார்க்கிறவன். வாடிக்கைக்காரர் வாசலில் வந்து நின்றாலும் எண்ணுவேன்.

இரண்டாம் நாள் காலை அலையாத்திக் காட்டுக்குள் படகில் போனோம். உப்புத் தண்ணீரில் வேரை வெளியே நீட்டிக்கொண்டு மரங்கள் நிற்கின்றன. பார்க்கத்தான் போனோம், பார்த்தும் முடித்துவிட்டோம், திரும்பும்போது ஓடையில் தண்ணீர் இறங்கிப் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. படகுக்காரர் துடுப்பை வைத்துவிட்டுப் பீடியைப் பற்றவைத்தார். தண்ணீர் வந்தால்தான் போகமுடியும், இறங்கினால் இடுப்பு வரை சேறு என்றார். அக்கா தூங்கிவிட்டாள். மச்சான் நாரைகளைப் படம் எடுத்தார். நான் மெஸ்ஸைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்துவிட்டால் என்ன செய்வது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மெஸ்ஸில் பெஞ்சைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். ஆனால் எங்கள் நாலு பேருக்கும் சோறும் சுறாப் புட்டும் தனியே எடுத்து மூடி வைத்திருந்தது. ஜெசிந்தாதான் எடுத்து வைக்கச் சொன்னாளாம். அம்மா உட்காரவில்லை. கடையில் விற்கிற சோறு வேறு, ஒருவருக்காக எடுத்து வைக்கிற சோறு வேறு. இது எதில் சேரும் என்று அம்மாவுக்குக் குழப்பம். பசி கடைசியில் முடிவு செய்தது. சாப்பிட்டோம். நான் வழக்கம்போலக் காசை வைத்தேன்.

சூசை ஐயா அதைத் தொடவில்லை. “எடுத்து வச்சதுக்கு வாங்குறது எனக்கு ஒரு மாதிரியா இருக்கு தம்பி,” என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கேனிலிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் அந்த நோட்டுகள் கல்லா மேலேயே காற்றில் ஆடிக்கொண்டு கிடந்தன. அப்புறம் ஜெசிந்தா அடுப்படியிலிருந்து வந்து, நோட்டுகளை எடுத்து எண்ணி, கல்லாவைத் திறந்து போட்டு மூடினாள். மிச்சம் பத்து ரூபாயை என் பக்கம் தள்ளினாள். கல்லா மூடிய அந்தச் சத்தம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

சாயந்திரம் நான் கரையில் உட்கார்ந்திருந்தேன். வள்ளம் வருகிற நேரம். அவள் கூடையோடு நண்டு எடுக்க வந்தாள். பேரம் பேசி முடித்து, கூடையை என்னிடமிருந்து நாலடி தள்ளி வைத்தாள்.

“வெயில்ல ஏன் ஒக்காந்திருக்கீக? அங்குட்டு நெழல் கெடக்குல்ல.”

பரவாயில்லை என்றேன்.

“காசு சரியா வைக்கிறீக,” என்றாள். “சில்லறைகூடக் கொறையல.”

அம்மா அப்படிச் சொன்னார்கள் என்று ஆரம்பித்தேன்.

“தெரியும். எங்கப்பாவும் அதத்தான் சொன்னாரு. குடுத்தா வாங்கிக்க, மொகத்தக் காட்டாதன்னாரு. போன வருசம் ஒரு வீட்டுலருந்து வந்தாக. அவுகளும் இப்பிடித்தான், மூணு வேளையும் காசு. போறப்ப அம்பது ரூவா டிப்ஸ் வேற வச்சுட்டுப் போனாக.”

அதை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். வேறென்ன கேட்பது என்று தெரியவில்லை.

“ஐஸ் வாங்குனோம். மீனுக்கு.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சொன்னபிறகு கூடைப் பக்கம் திரும்பி, தப்பி ஏறிவந்த ஒரு நண்டைத் திரும்பத் திரும்ப உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் இதுவரை என் பயத்தை மட்டும்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வேளையும் அடுப்படி வாசலில் நின்று, இன்றைக்கும் காசு வைக்கிறார்களா என்று பார்ப்பது எப்படி இருக்கும் என்று எண்ணவே இல்லை.

ஏதாவது சொல்லவேண்டும் என்று, எங்கள் ஊரில் கடல் கிடையாது என்றேன்.

“பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்திருக்காக,” என்றாள்.

நான் ஒன்பதாம் வகுப்புத்தான் என்றேன்.

“அதுவும் தெரியும், ஒங்க மச்சான் சொல்லிட்டாரு. நா கேக்குறது வேற. ஒங்களுக்கு வேணுமா, வேணாமா?”

வாயில் அந்தப் பழைய வார்த்தைதான் வந்தது. “யோசிச்சுச் சொல்றேன்.”

“யோசிங்க. ஆனா ஒண்ணு சொல்லிர்றேன். நீங்க மட்டும் யோசிக்கல, நானும்தான் யோசிக்கிறேன். எனக்கு வேணாம்னு தோணுச்சுன்னா, நீங்க காசு குடுக்க மறந்தாலும் நா விட மாட்டேன். ஒங்க ஊருக்கு வந்தாச்சும் கேட்டு வாங்கிருவேன்.”

கூடையை இடுப்பில் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை கிளம்புவதாக இருந்தோம். ராத்திரி அம்மா என்னிடம் கேட்டார், நான் காலையில் சொல்கிறேன் என்றேன். காலையில் அக்கா கேட்டாள், சாப்பிட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். இடியாப்பமும் முதல்நாள் மீன் குழம்பும் வந்தன. கணவாய் வறுவல் ஒரு தட்டு. அம்மா இரண்டாவது டீ கேட்டு வாங்கிக் குடித்தார். சூசை ஐயா ஐஸ் எடுக்கப் போயிருந்தார், கல்லாவில் ஆள் இல்லை. எழுந்து கை கழுவும்போதே வெளியே ஆட்டோ ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. அதை விட்டால் அடுத்தது பத்தரைக்குத்தான் என்றார்கள். பையைத் தூக்கு, கேனைத் தூக்கு, செருப்பு எங்கே என்று ஓடினோம். கருவாட்டுக் கூடையோடு ஒரு அம்மா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்த்தேன். ஜெசிந்தா அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றாள். கையை அசைக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. பார்த்துக்கொண்டு நின்றாள்.

உப்பளம் தாண்டுகிற இடத்தில் அம்மா கேட்டார், “எம்புட்டு ஆச்சு?”

ஓடின அவசரத்தில் மச்சான் கொடுத்திருப்பார் என்று நினைத்திருந்தேன், அதையே சொன்னேன்.

மச்சான், “நீ குடுத்தன்னுல்ல நா நெனச்சேன்,” என்றார்.

அம்மா, “வண்டிய நிறுத்துப்பா,” என்றார்.

இரண்டு பக்கமும் வெள்ளையாக உப்புப் பாத்தி, நடுவில் ஆட்டோ, நிழல் கிடையாது. திரும்பிப் போய்க் கொடுத்துவிடலாம் என்றார் அம்மா. திரும்பிப் போய்க் காசு கொடுத்தால் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்வது மாதிரி ஆகிவிடும் என்றாள் அக்கா. கொடுக்காமல் போனால் கை நனைத்ததாகிவிடுமே என்றார் அம்மா. ஆட்டோ அண்ணன் யார் பக்கமும் பேசாமல் கண்ணாடியைத் துடைத்தார். கருவாட்டுக்கார அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என்ன தொகை என்று விசாரித்தார். போர்டில் எழுதியிருந்த விலையை வைத்து நான் கூட்டிச் சொன்னேன். முந்நூற்றுப் பத்து.

“இதுக்கா வெயில்ல நிப்பாட்டுனீக? போன்ல போட்டுவிட வேண்டியதுதான? எம் பேரன் டீக்கே அதுலதான் போடுறான்.”

உண்மைதான். முதல் நாள் டீக்கு அக்காவிடம் போனை வாங்கி நான் அப்படித்தான் கொடுத்திருந்தேன், மெஸ்ஸின் நம்பர் போனில் இருந்தது. அக்கா போனை எடுத்து என்னிடம் தந்தாள். தொகையை அடித்தேன். இனி விரலை ஒரு தடவை வைத்தால் போதும். நாங்கள் வெறும் லீவுக்கு வந்த ஆட்களாகிவிடுவோம், யாருக்கும் அவமானம் இல்லை. அப்புறம் மானகிரிக்குப் போய் நிதானமாக யோசிக்கலாம். அவள் ஐஸ் வாங்கிக்கொள்வாள்.

அம்மா போடச் சொல்லவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஒனக்கு என்னடா தோணுது?” என்றார்.

எனக்குத் தோன்றியது பெரிதாக ஒன்றும் இல்லை. எவ்வளவு எண்ணினாலும் சரியாக இருக்கிறதா என்பது மோட்டாரை ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். எண்ணிக்கொண்டே இருந்தால் பட்டறையில் கட்டின மோட்டார்கள் அடுக்கடுக்காகக் கிடக்கும், ஒன்றும் தண்ணீர் இறைக்காது. அவ்வளவுதான் தோன்றியது. போனைச் சட்டைப் பையில் போட்டேன்.

“வண்டிய எடுங்கண்ணே,” என்றேன்.

வண்டி ரொம்ப தூரம் போனபிறகு அம்மா, வெளியே பார்த்துக்கொண்டே, “கணவா நல்லாத்தான் இருந்துச்சு,” என்றார்.

ஊருக்கு வந்தபிறகு எனக்குப் பட்டறை சுவிட்ச் ஞாபகமே வரவில்லை. வேறு கவலை வந்துவிட்டது. நான் கொடுக்காதது என் பதில். அவள் கேட்காமல் இருக்கவேண்டுமே. போன் அடித்தால் கையிலிருக்கிற கம்பியைப் போட்டுவிட்டு எடுப்பேன். மோட்டார் ஆச்சா என்று யாராவது கேட்பார்கள். காசு கேட்டு ஒன்றும் வரவில்லை. கேட்க மறந்துவிட்டாளோ, கேட்பதற்குக் கூச்சப்படுகிறாளோ என்று அதற்கும் பயந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது சூசை ஐயா அம்மாவைப் போனில் கூப்பிட்டார். எப்போது பேச வரலாம் என்று கேட்டார். அம்மா நாள் சொல்லிவிட்டு, மனசு கேட்காமல், அன்றைக்குக் காலைப் பலகாரத்துக்குக் காசு தராமல் வந்துவிட்டோம் என்று இழுத்தார். அது தன் மகளுடைய கணக்கு, அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்றாராம். அம்மா போனை என் கையில் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார்.

மறுமுனையில் ஜெசிந்தா இருந்தாள். முந்நூற்றுப் பத்துத்தானே தரவேண்டும் என்று கேட்டேன்.

“முந்நூத்திப் பத்தா?” என்றாள். “ஒங்க அம்மா குடிச்ச ரெண்டாவது டீய விட்டுட்டீகன்னு நெனைக்கிறேன். அதுக்குப் பதினஞ்சு.”

இப்போதே அனுப்பிவிடட்டுமா என்று கேட்டேன்.

“நா கேட்டனா?” என்றாள்.

தரவேண்டிய பாக்கி, முந்நூற்று இருபத்தைந்து ரூபாய்.